மாத்திரைக்கு முன் மாதிரி

நீர்க்கடுப்பு என்றதும் பலர் நேராக மருந்துக்கடைக்குத்தான் போகிறார்கள். இரண்டு நாள் ஆன்டிபயாடிக் போட்டு, எரிச்சல் அடங்கியதும் நிறுத்திவிடுகிறார்கள். மாதம் திரும்புவதற்குள் மறுபடியும் கடுப்பு. அப்போது டாக்டர் கேட்பார்: "ஏற்கெனவே ஏதாவது மாத்திரை போட்டீங்களா?" போட்டிருந்தால், சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையில் எதுவும் வளராமல் போகலாம். நோய் உள்ளே இருக்கும். ரிப்போர்ட்டோ, கிருமி இல்லை என்று சொல்லும். முதலில் சிறுநீர் மாதிரி, பிறகு மாத்திரை. இந்த வரிசை முக்கியம்.

டப்பாவில் பிடிக்கும் விதம்

முதலில் வரும் சிறுநீரை விட்டுவிட்டு, நடுவில் வருவதைத்தான் பிடிக்க வேண்டும். முதல் நீர் தோலில் இருக்கும் கிருமிகளையும் அடித்துக்கொண்டு வரும். டப்பாவின் உட்புறத்தில் விரல் படக் கூடாது. காலையில் வீட்டில் பிடித்து, வெயிலில் பஸ் ஏறி, மதியம் லேபில் கொடுத்தால் வழியிலேயே கிருமிகள் பெருகிவிடும். இரண்டு மணி நேரத்துக்குள் கொடுக்க முடியாதென்றால் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும்.

கல்ச்சர் முடிவு வர ஓரிரு நாள் ஆகும். எந்தக் கிருமி, அது எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பது அதில்தான் தெரியும். பெரும்பாலும் சிக்குவது குடலில் வாழும் ஈ.கோலை. மில்லிலிட்டருக்கு 1,00,000 கிருமிகள் இருந்தால் தொற்று என்ற அளவுகோலை 1950களில் வகுத்தவர் அமெரிக்க மருத்துவர் எட்வர்ட் காஸ். ஆனால் எரிச்சலோடு வரும் பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த எண்ணிக்கையும் தொற்றாக இருக்கலாம். ரிப்போர்ட்டை வைத்துத் தாமே முடிவுகட்டுவது ஆபத்து.

மிச்சம் எவ்வளவு?

வயதான ஆண்களின் தொல்லை வேறு. நெடுநேரம் நின்றாலும் சொட்டுச் சொட்டாகத்தான் போகும். போய்வந்த பிறகும் மிச்சம் இருப்பதுபோலத் தோன்றும். அந்த மிச்சத்தை, சிறுநீர் கழித்தபின் எடுக்கும் ஸ்கேன் அளந்து சொல்லிவிடும்.

சிறுநீர் போகும் வேகத்தை அளக்கும் யூரோஃப்ளோமெட்ரி இன்னும் எளிது. கருவியோடு இணைத்த புனலில் சிறுநீர் கழிக்க வேண்டும், அவ்வளவுதான். வினாடிக்கு 10 மில்லிலிட்டருக்கும் குறைவாக வந்தால் சந்தேகம் எழும். மொத்தம் 150 மில்லிலிட்டராவது போகாவிட்டால் அந்த அளவை நம்ப முடியாது. சிறுநீர்ப்பை நிறைந்த பிறகு போவதே நல்லது. வேகம் குறையக் காரணம் புராஸ்டேட் அடைப்பா, சர்க்கரை நோயால் தளர்ந்த சிறுநீர்ப்பைத் தசையா என்பதை இது பிரித்துக் காட்டாது. அதற்குத்தான் பைக்குள் அழுத்தத்தை அளக்கும் யூரோடைனமிக் சோதனை.

புராஸ்டேட்டுக்காகச் செய்யும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையில் எண் கூடியதும் புற்றுநோய் என்று கலங்குகிறார்கள். தொற்று இருந்தாலும், புராஸ்டேட் வெறுமனே பெருத்திருந்தாலும் அது கூடும்.

வலியில்லாமல் வரும் ரத்தம்

சிறுநீர் ஒருநாள் சிவப்பாகப் போய், மறுநாள் தெளிந்துவிடுகிறது. வலி இல்லை. சூடு என்று சொல்லி இளநீர் குடித்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். பீட்ரூட்டும், காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசினும்கூட நிறத்தை மாற்றும் என்பது உண்மைதான். ஆனால் அது ரத்தமே என்று உறுதியானால், நின்றுவிட்டதே என்று சும்மா இருக்கக் கூடாது. சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளம் பெரும்பாலும் இதுதான். சாயத் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கு இந்நோய் வருவதை ஜெர்மானிய மருத்துவர் லுட்விக் ரேன் 1895இலேயே எடுத்துக் காட்டினார். இன்று முதல் காரணம் புகைப்பழக்கம்.

ஸ்கேனில் சிறு கட்டி தப்பிவிடலாம். சிஸ்டோஸ்கோப்பி பையின் உட்சுவரையே நேரில் காட்டும். பயந்து தள்ளிப்போட வேண்டியதில்லை: மரத்துப்போகச் செய்யும் ஜெல் தடவி, வளையும் மெல்லிய குழாயைச் செலுத்திப் பார்க்கச் சில நிமிடங்களே ஆகும். ஓரிரு நாள் லேசான எரிச்சல் இருக்கும். காய்ச்சல் வந்தாலோ சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ உடனே மருத்துவமனைக்குத் திரும்ப வேண்டும்.