காய்ச்சலோடு ராஜினாமா எழுதாதீர்கள்

கார்த்திகை, மார்கழி வந்துவிட்டால் சென்னை அலுவலகங்களில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்கத் தொடங்கும். கூடவே, “பேசாம வேலையை விட்டுடலாமா?” என்ற புலம்பலும். பெரும்பாலும் இரண்டும் ஒரே ஆளிடமிருந்து, ஒரே வாரத்தில் வரும். டீயை எடுத்துக்கொள்ளுங்கள். எது உடம்பின் குறை, எது வேலையின் குறை என்று நிதானமாகப் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் சளி. பழியைப் பனியின் மேல் போடுவது நம் வழக்கம். ஆனால் ஜனவரியில்கூடச் சென்னையின் சராசரிக் குறைந்த வெப்பநிலை 20, 21 டிகிரிதான். சளியைத் தருவது வைரஸ். அதில் முக்கியமானது ரைனோ வைரஸ். அதிலேயே 100-க்கு மேற்பட்ட வகைகள் உண்டு. ஒன்றோடு உடம்பு போராடிப் பழகி முடிப்பதற்குள் இன்னொன்று வந்து நிற்கும். மழைக்குப் பயந்து ஜன்னலைச் சாத்துகிறோம். ஒரே அறையில் முப்பது பேர் அடைந்து கிடக்கிறோம். சுவரில் மாட்டிய ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது, அறையில் இருப்பதையே குளிர்வித்துத் திருப்பி அனுப்பும். ஒருவர் தும்மினால் அது அடுத்த மேசைக்குப் போகாமல் என்ன செய்யும்? வைரஸ் சளிக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. ஓய்வும் தண்ணீரும் இருந்தால் பெரும்பாலும் ஏழு முதல் பத்து நாளில் தானே விட்டுவிடும். ஆனால் இது டெங்குவின் பருவமும்தான். காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் கைவைத்தியத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போய்விடுங்கள்.

இனி மனசு. காய்ச்சல் நாளில் வேலை மட்டுமா கசக்கிறது? பிடித்த பாட்டும் பிடிப்பதில்லை, சாப்பாடும் இறங்குவதில்லை, நண்பர் போன் செய்தால் எடுக்கத் தோன்றுவதில்லை. கிருமியோடு சண்டையிடும் வெள்ளை அணுக்கள் சைட்டோகைன் என்ற வேதிப்பொருள்களை வெளியிடுகின்றன. அந்தச் செய்தி மூளைக்குப் போனதும் மூளை உடம்புச் சூட்டை ஏற்றுகிறது. பசி, ஆர்வம், உற்சாகம் எல்லாவற்றையும் குறைக்கிறது. கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் ஒரு ஃபேனும் ஒரு லைட்டும் மட்டும் ஓட, டி.வி.யும் கிரைண்டரும் நிற்குமே, அதுபோல. நோய்ப்பட்ட விலங்குகள் சுருண்டு கிடப்பது இருக்கும் சக்தியைக் காய்ச்சலுக்கு ஒதுக்கிக் கிருமியை வெல்லும் ஏற்பாடு என்று அமெரிக்கக் கால்நடை மருத்துவ ஆய்வாளர் பெஞ்சமின் ஹார்ட் 1988-இல் எழுதினார். நம் சோர்வும் அந்த வகைதான். உலகமே கசக்கும் நேரத்தில் வேலைக்கு மட்டும் தீர்ப்பு எழுதினால் அது எப்படி நியாயமாக இருக்கும்?

அதற்காக எல்லாவற்றையும் சளியின் கணக்கில் எழுதிவிடவும் முடியாது. நிர்வகிக்கப்படாமல் நீண்டுபோன வேலை அழுத்தத்தால் வரும் சோர்வை, அதாவது ‘பர்ன்அவுட்’டை, உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தனியாக வரையறுத்தது. அதை நோயென்று சொல்லவில்லை. வேலை சார்ந்த நிலை என்றது. அடையாளங்கள் மூன்று: சக்தி வற்றிப்போவது, வேலையின் மேல் வெறுப்போ ஒட்டாத தன்மையோ வளர்வது, முன்புபோல் செய்ய முடியவில்லை என்ற எண்ணம்.

எளிய சோதனை ஒன்று உண்டு. சளி விட்டு, சாப்பாடு ருசித்து, பாட்டும் பிடித்துவிட்டது. வேலை மட்டும் இன்னும் கசக்கிறதா? அப்படியானால் உடம்பை விட்டுவிட்டு வேலையைத்தான் விசாரிக்க வேண்டும். அந்த வேலையே பிடிக்கவில்லையா, மேலாளரா, சம்பளமா, தினமும் இரண்டு மணிநேரப் பயணமா? ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. எல்லாவற்றுக்கும் ராஜினாமா தேவைப்படாது. தெர்மாமீட்டரில் 101 பார்த்ததும் “அப்பாடா, ரெண்டு நாள் போக வேண்டாம்” என்று உள்ளுக்குள் மகிழ்ச்சி வந்ததா? அதையும் குறித்துக்கொள்ளுங்கள். காய்ச்சலை விடுமுறையாக வரவேற்கும் அளவுக்கு வந்துவிட்டால் பிரச்சினை மூக்கில் இல்லை.

முடிவை ஆறப்போட வேண்டும் என்றால் ஓய்வு வேண்டும். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947, நோய்க்காக ஆண்டுக்கு 12 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு தருகிறது. இ.எஸ்.ஐ.யில் பதிவானவர்களுக்கு, சந்தா நாள் கணக்கு சரியாக இருந்தால், மருத்துவர் சான்றின் பேரில் ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் கிடைக்கும். இதையெல்லாம் வைத்துக்கொண்டு, லேப்டாப்பைப் போர்வைக்குள் இழுத்து “வீட்டிலிருந்தே பார்த்துவிடுகிறேன்” என்பவர்கள்தான் அதிகம். அதில் உடம்பும் தேறாது, வேலையும் ஒழுங்காக முடியாது, கசப்பு மட்டும் கூடும்.

ஆகவே, காய்ச்சல் நேரத்தில் ஹெச்.ஆருக்கு ஒரு மெயில்தான் அனுப்ப வேண்டும். அது விடுப்பு கேட்கும் மெயிலாக இருக்கட்டும். ராஜினாமா எழுதுவதென்றால் உடம்பு முழுதாகத் தேறி இரண்டு வாரம் போகட்டும். அப்போதும் எழுதத் தோன்றினால், அடுத்த வேலையைக் கையில் வைத்துக்கொண்டு, தயங்காமல் எழுதுங்கள்.