விதைப்புக்கு உதவும் சில்லறை

குடியானவருக்கு நெல் விற்ற பணம் ஆண்டில் ஒன்றிரண்டு தடவையே கைக்கு வருகிறது. செலவோ தினந்தோறும் உண்டு. ஆகையால் விதைப்புக் காலத்தில் மடி வெறுமையாயிருக்க, அவர் விதைக்கும் உரத்துக்கும் மண்டிக்காரரை நாடுகிறார். பல இடங்களில் முன்பணம் கொடுத்தவரே அறுவடையில் தாம் சொன்ன விலைக்கு நெல்லை எடுத்துக்கொள்கிறார். இந்த நஷ்டம் வட்டிக் கணக்கில் தெரிவதில்லை.

இதைக் குறைக்கப் பெருந்தொகை வேண்டுவதில்லை. பால், முட்டை, கீரை விற்றுவரும் சில்லறைக்கு எவரும் கணக்கு வைப்பதில்லை. அது சந்தைக்குப் போய்த் திரும்புமுன் கரைந்துவிடும். அதில் நாளொன்றுக்கு ரூ. 10 மாத்திரம் தனிக் கலயத்தில் போட்டுவரின் ஆண்டில் ரூ. 3,650 ஆகும். கலயம் வீட்டு அம்மாளின் பொறுப்பிலிருத்தல் நலம். உலை வைக்கும்போது பிடியரிசி எடுத்து வைக்கும் வழக்கமுடையவருக்கு இது புதிதன்று.

ஆயினும் கலயத்துப் பணம் திருவிழா வரையில்தான் தங்கும். மாதந்தோறும் அதைத் தபாலாபீசில் கட்டிவிட வேண்டும். 1882 முதல் சேமிப்பு பாங்கி நடத்திவரும் தபால் இலாகாவின் தொடர் வைப்பில் மாதம் ரூ. 100 முதல் 60 மாதம் கட்டலாம். 12 தவணை கட்டியவர் இருப்பில் பாதிவரை கடன் பெறலாம். அதற்கு வட்டி, வைப்பு வட்டியைக் காட்டிலும் நூற்றுக்கு 2 கூடுதல். தவணை தவறினால் மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் அபராதம். ஆகவே மாதம் ரூ. 300 சேர்ப்பவரும் ரூ. 200-க்கே கணக்குத் துவக்குதல் தக்கது. கோடையில் கறவை குறையுமன்றோ?