சிறுநீரக நோயாளரின் இதயப் பாதுகாப்பு

நாட்பட்ட சிறுநீரக நோயுற்றோரில் பலர், டயாலிசிஸ் தேவைப்படும் நிலையை எட்டுமுன்னரே இதய நோயால் மாண்டுபோகின்றனர். உயர் இரத்த அழுத்தமும் நீரிழிவும் இவ்விரு உறுப்புகளையும் ஒருங்கே தாக்குவது இதற்கு முதன்மையான காரணம். சிறுநீரில் புரதம் வெளிப்படுவது இரண்டிற்கும் பொதுவான எச்சரிக்கையாகும்.

2016இல் அறிவிக்கப்பட்ட தேசிய டயாலிசிஸ் திட்டம் ஏழைகளுக்குப் பெருந்துணையே. ஆயினும் அது நோயின் இறுதிக் கட்டத்தில் நேரும் செலவு. இதற்கு மாறான வழியைச் சென்னை கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் 1990களிலேயே காட்டிற்று. டாக்டர் எம். கே. மணியின் வழிகாட்டலில், பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள் வீடுதோறும் சென்று இரத்த அழுத்தத்தை அளந்தனர். பெனடிக்ட் கரைசல், சல்ஃபோசாலிசிலிக் அமிலம் ஆகியவற்றைக் கொண்டு சிறுநீரைச் சோதித்தனர். நோயுற்றோர்க்கு ரெசர்பின், மெட்ஃபார்மின் போன்ற மலிவான மருந்துகளே வழங்கப்பட்டன. பழைய மருந்து என்று ரெசர்பினைக் கண்டு நிபுணர் சிலர் முகம் சுளிக்கக் கூடும். கிராமத்தார் வாங்கக் கூடிய விலை அதற்கே இருந்தது.

காலந்தாழ்த்துதல் எத்துணைக் கேடு என்பதற்கு ஸ்டேட்டின் மருந்தே சான்று. டயாலிசிஸ் நோயாளிகளிடம் அதனைச் சோதித்த 2005, 2009ஆம் ஆண்டு ஆய்வுகள் குறிப்பிடத்தக்க பயனைக் காட்டவில்லை. டயாலிசிஸ் தொடங்காதோர் பெரும்பான்மையினராக இருந்த 2011ஆம் ஆண்டு ஆய்விலோ, ஸ்டேட்டின் அடங்கிய கூட்டு மருந்தால் மாரடைப்பு, பக்கவாதம் முதலான நாள அடைப்புச் சிக்கல்கள் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைந்தன.

உல்லாஸ்நகர் போன்ற நெரிசல் மிகுந்த சிறுதொழில் நகரங்களின் சுகாதார நிலையங்களில், இரத்த அழுத்தச் சோதனையுடன் சிறுநீர்ப் புரதச் சோதனையையும் இணைப்பதற்குப் பெரும் முதலீடு வேண்டுவதில்லை.