பல் முளைக்கும் பிள்ளைக்குக் கடிக்கக் கொடுப்பது எது?

ஊரைவிட்டுத் தொலைவில் வாழும் நம்மவர் இல்லங்களில், பிள்ளைக்குப் பல் முளைக்கும் பருவம் ஒரு சோதனைக் காலமே. பிறந்தகமாயின், பாட்டியார் பிள்ளையை மடியில் கிடத்தி, ஈறுகளைத் தடவிப் பார்த்து, "பல் வருகிறது, அஞ்சாதே, கண்ணே" என்று ஒரு சொல் சொல்லித் தேற்றுவார். இங்கோ, நள்ளிரவில் அழும் பிள்ளையைத் தோளில் இட்டுக்கொண்டு, பாட்டியார் அனுப்பிய பொட்டலத்தையும் கடையில் வாங்கிய வண்ணப் பொருளையும் இளந்தாய் மாறி மாறிப் பார்க்க வேண்டியவளாகிறாள். இவற்றுள் கொள்வது எது, தள்ளுவது எது என்பதே நாம் இங்கு ஆராயப் புகுவது.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு 6 திங்கள் அளவில் கீழ் முன்பற்கள் இரண்டும் முதலில் தோன்றும். 4 திங்களில் தோன்றுவதும், ஓராண்டு நிரம்பும்வரை தோன்றாதிருப்பதும் உண்டு. ஏறத்தாழ 3 வயதுக்குள் பாற்பற்கள் 20-ம் நிறைந்துவிடும். பல் வெளிவருகையில் ஈறுகள் சிவந்து தடிக்கும், வாய்நீர் பெருகும், கைக்கு எட்டியதையெல்லாம் பிள்ளை கடிக்கும். அந்நோவைத் தணிப்பவை அழுத்தமும் குளிர்ச்சியுமே. கடிக்கும் பொருளிடம் நாம் வேண்டுவன இவ்விரண்டே. ஏனைய அலங்காரங்கள் வாங்குவோர் கண்ணுக்கு விருந்தேயன்றிப் பிள்ளைக்குப் பயன்படா.

கடையில் வாங்குவது

கடைகளில் 'டீதர்' என்று கேட்டால் பலவகைப் பொருள்களை எடுத்து வைப்பர். அவற்றுள் இணைப்பேதுமின்றி ஒரே வார்ப்பாய் அமைந்த சிலிக்கோன் அல்லது கெட்டி ரப்பர் வளையமே நன்று. உள்ளே நீர் நிரப்பியவற்றைத் தவிர்க்க. பிள்ளை கடிக்கையில் கிழிந்து நீர் கசியக்கூடும். அளவிலும் கருத்து வேண்டும். சிறு பொருள்களைச் சோதிக்கும் குழாயின் வாய் 31.7 மில்லிமீட்டர் அகலம். அதனுள் முழுதும் அடங்கும் எதுவும் 3 வயது நிரம்பாத பிள்ளைக்கு ஆகாது. தொண்டையில் சிக்கி மூச்சை அடைத்துவிடும்.

நம் நாட்டில் 2021 ஜனவரி 1 முதல் விளையாட்டுப் பொருள்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாக்கப்பட்டது. வாங்குமுன் அதனைத் தேடுக. பதிவுபெற்ற கைவினைஞர் செய்து விற்கும் பொருள்களுக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொருள்களுக்கும் விலக்கு உண்டு. பெங்களூரை அடுத்த சென்னப்பட்டணத்தில் கடைந்து அரக்குப் பூசிய மரப் பொம்மைகள் இவ்வகையின. ஆயினும் மரப்பொருள் எதுவாயினும், பிளவோ சிலும்போ கழன்றுவரும் மணியோ இல்லை என்பதை விரலால் தடவித் தேர்ந்த பின்னரே கொடுத்தல் வேண்டும். பூச்சு உரிந்த பழைய பொம்மையில் ஈயம் கலந்திருக்கக்கூடும், அதனை ஒதுக்குக.

ஊரிலிருந்து வருவது

பாட்டியார் பொட்டலத்தில் மரப்பாச்சி இருப்பின் மகிழ்ச்சியே. வண்ணம் பூசாததாய், ஒரே கட்டையில் கடைந்ததாய், வழவழப்பாய் இருப்பின், ஆடை அணிகளைக் களைந்து, நம் கண்முன் கடிக்கக் கொடுக்கலாம். வசம்பு வளையல் அத்தகையதன்று. 'பெயர் சொல்லாதது' என்று நம் முன்னோர் போற்றிய பொருளேயாயினும், நூல் அறுந்தால் மணியும் வசம்புத் துண்டும் பிள்ளையின் தொண்டைக்குள் செல்லும். மேலும், வசம்பை உணவில் சேர்ப்பதை அமெரிக்க அரசு 1968-இல் தடை செய்தது. கழுத்தில் அணிவிக்கும் கடிமணி மாலைகளும் ஆகா. அவை கழுத்தை இறுக்கக்கூடும். அன்போடு அனுப்பியதைப் பழித்துரைக்க வேண்டுவதில்லை. பிள்ளையின் நினைவுப் பொருளாகப் பேழையில் வைத்துக் காக்கலாம். காரணத்தைக் கனிவோடு எடுத்துரைத்தால் பாட்டியாரும் மனங்கொள்வார்.

செலவில்லாத வழி

கையை நன்கு கழுவி, விரலால் ஈறுகளை மெல்ல அழுத்தித் தேய்க்கலாம். தூய துணியை நனைத்துக் குளிர்ப்பெட்டியில் வைத்துக் கொடுக்கலாம். டீதரையும் அவ்வாறே குளிர்விக்கலாம். ஆனால் பனிக்கட்டி உறையும் அறையில் வைத்தல் கூடாது. கல்லாய் இறுகியது ஈறுகளைப் புண்படுத்தும். ஓராண்டு நிரம்பாத பிள்ளைக்குத் தேன் தடவுதலும் ஆகாது. ஈறுகளை மரத்துப்போகச் செய்யும் பென்சோகெய்ன் களிம்பு, இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலைக் குறைக்கக்கூடும்; 2 வயது நிரம்பாதவர்க்கு அது ஆகாதென 2018-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது.

பல்லின்மேல் பழி போடாதீர்

எல்லாவற்றினும் முதன்மையானது ஒன்று உண்டு. "பல் முளைக்கிறது, அதனால்தான் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும்" என்று நம்மவர் ஆறுதல் கொள்வது வழக்கம். இது பிழை. 100.4 பாரன்ஹீட் அளவை எட்டும் காய்ச்சலைப் பல் உண்டாக்குவதில்லை. தாயிடமிருந்து பெற்ற நோய்த்தடுப்பு ஆற்றல் குறைவதும், கண்டதையெல்லாம் வாயில் இடத் தொடங்குவதும் இதே பருவத்தில் நிகழ்வதால், நோய்த்தொற்றும் பல்லும் உடன் வருகின்றன, அவ்வளவே. காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ கண்டால் காத்திராது மருத்துவரை நாடுக.

பக்கத்தில் பாட்டியார் இல்லாத ஊரில், அண்டை வீட்டுத் தமிழ்த்தாய் ஒருத்திக்கேனும் இச்செய்தியைச் சொல்லிவைப்பது நம் கடனாகும்.