எதிரிக்கும் ஒரு குடை!

குட்டீஸ், மாமல்லபுரம் போயிருக்கிறீர்களா? செங்கல்பட்டுப் பிள்ளைகளுக்கு அது திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில் போய் வரும் ஊர். பள்ளிச் சுற்றுலா என்றால் அர்ச்சுனன் தபசு, ஐந்து ரதம், வெண்ணெய் உருண்டைப் பாறை எல்லாம் பார்த்துவிட்டு, கடைசியில் கடற்கரையில் சுண்டல்! அடுத்த முறை போகும்போது கலங்கரை விளக்கத்தின் அருகே இருக்கும் மகிஷாசுரமர்த்தினி குகைக்குள்ளும் நுழைந்து பாருங்கள்.

அங்கே ஒரு சுவர் முழுக்கப் போர்க்களம். சிங்கத்தின் மேல் அமர்ந்து, எட்டுக் கைகளோடு வில்லை இழுத்துக்கொண்டு பாய்ந்து வருகிறாள் துர்க்கை. அவளைச் சுற்றிக் குள்ளக் குள்ளமாகப் பூதகணங்கள். எதிரே மகிஷாசுரன். எருமைத் தலை, மனித உடல். இரண்டு கைகளாலும் கதையைப் பிடித்துக்கொண்டு பின்வாங்குகிறான். ஆனால் கீழே விழவில்லை, கெஞ்சவும் இல்லை. நல்ல ஆள் உயரம், அகன்ற மார்பு. நிமிர்ந்து பாருங்கள், அவன் தலைக்கு மேலே ஒரு குடை! குடை என்றால் மழைக்குப் பிடிப்பது அல்ல. அரசனுக்குப் பிடிக்கும் வெண்கொற்றக் குடை. "இவன் எதிரிதான், ஆனாலும் இவனும் ஓர் அரசன்" என்று சிற்பி ஒத்துக்கொள்கிறார்.

பல கோயில்களில் துர்க்கை வெட்டுப்பட்ட எருமைத் தலையின் மேல் நிற்பாள். அங்கே சண்டை முடிந்துபோயிற்று. இங்கேயோ சண்டை நடந்துகொண்டிருக்கிறது. எதிரி பலசாலியாக இருந்தால்தானே ஜெயிப்பதற்கு மதிப்பு?

கணினி விளையாட்டு ஆடும் அண்ணன்மார்களுக்கு 'வார்கிராப்ட்' தெரிந்திருக்கும். 1994இல் அது முதலில் வந்தபோது, மனிதர்களின் நாட்டைத் தாக்க வரும் முரட்டுக் கூட்டம்தான் 'ஓர்க்'குகள். 2002இல் வந்த மூன்றாம் பாகத்தில் கதை எழுதியவர்கள் அந்தக் கூட்டத்துக்கும் அடிமையாக வளர்ந்த ஒரு தலைவனையும், அவனுக்கென்று ஒரு நியாயத்தையும் கொடுத்தார்கள். பிறகு பலர் ஓர்க்குகளின் கட்சியிலேயே சேர்ந்து ஆட ஆரம்பித்தார்கள். நம் ஊர்ச் சிற்பி இந்த வேலையை 1300 ஆண்டுகளுக்கு முன்பே செய்துவிட்டார், பார்த்தீர்களா?

சிற்பி சரி, ராஜாக்கள் எப்படி?

மாமல்லன் என்பது பல்லவ அரசன் முதலாம் நரசிம்மவர்மனின் பட்டப்பெயர். மாமல்லபுரம் என்ற பெயர் அதிலிருந்து வந்ததுதான். பல்லவர்களின் தலைநகரம் காஞ்சி. அவர்களுடைய பெரிய எதிரி சாளுக்கிய அரசன் இரண்டாம் புலிகேசி. அவனுடைய தலைநகரம் வாதாபி. இன்று கர்நாடகத்தில் பாதாமி என்று சொல்கிறார்களே, அதுதான்.

பாதாமிக்குப் பக்கத்தில் ஐஹொளே என்ற ஊரில் ஒரு சமணக் கோயில் இருக்கிறது. அதன் சுவரில் ரவிகீர்த்தி என்ற கவிஞர் 634இல் ஒரு பாடலைச் செதுக்க வைத்தார். அவர் புலிகேசியின் ஆள். புலிகேசியின் படை கிளப்பிய தூசியிலேயே பல்லவ அரசனின் பெருமை மங்கிவிட்டதாம். அவன் காஞ்சிக் கோட்டைச் சுவருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டானாம்.

இனி நம் பக்கம் வருவோம். காஞ்சிக்கு அருகே கூரம் என்ற ஊரில் செப்பேடுகள் கிடைத்தன. மாமல்லனின் பேரன் பரமேசுவரவர்மன் கொடுத்தவை அவை. மணிமங்கலம் முதலான இடங்களில் நடந்த போர்களில் மாமல்லன் புலிகேசியைத் தோற்கடித்து, அவன் முதுகையே ஏடாக வைத்து 'வெற்றி' என்று எழுதினானாம்! முதுகில் எப்படி எழுத முடியும்? அவன் முதுகு காட்டி ஓடினான் என்பதைத்தான் இப்படிக் கிண்டலாகச் சொல்கிறார்கள்.

இன்னும் ஒன்று உண்டு. காஞ்சிக்கு அருகே உள்ள புள்ளலூரில் மாமல்லனின் தந்தை மகேந்திரவர்மன் எதிரிகளை அழித்தான் என்று காசாக்குடிச் செப்பேடு சொல்கிறது. எந்த எதிரி என்று பெயர் சொல்லவில்லை. சாளுக்கியப் படைதான் என்று வரலாற்று ஆசிரியர்கள் பலர் கருதுகிறார்கள். ரவிகீர்த்தியின் பாட்டிலோ புள்ளலூர் என்ற பெயரே கிடையாது. கிரிக்கெட்டில் தோற்றுவிட்டு வீட்டுக்கு வந்து, "நான் அடித்த சிக்ஸரைப் பார்த்திருக்க வேண்டுமே!" என்று மட்டும் சொல்வோமே, அதே கதைதான்.

642இல் மாமல்லன் வாதாபியையே பிடித்தான். அங்கே ஒரு பாறையில் தன் பெயரையும் வெட்ட வைத்தான். ரவிகீர்த்தி எழுதி எட்டு வருடம்தான் ஆகியிருந்தது.

இரண்டு பக்கத்தையும் பார்த்து எழுத நடுவில் ஒருவர் இல்லையா? இருந்தார். யுவான் சுவாங்! சீனத்துப் பௌத்தத் துறவி. 640ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்தப் பக்கம் வந்தவர், பிறகு இரண்டு நாடுகளைப் பற்றியும் எழுதினார். காஞ்சி மக்கள் துணிச்சலானவர்கள், உண்மையை மதிப்பவர்கள், படிப்புக்கு மரியாதை தருபவர்கள் என்றார். புலிகேசியின் மக்கள் செய்த நன்றியை மறக்காதவர்கள், அவமானத்தையும் மறக்காதவர்கள் என்றார். அவர்கள் போருக்கு முன் யானைகளுக்கு மதுவைக் குடிக்க வைப்பார்கள் என்பதையும் எழுதி வைத்தார். ஒருவரை உயர்த்த இன்னொருவரைத் தாழ்த்த வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

நம் தமிழ்நாட்டில் புலிகேசி என்றதும் பலருக்கு வில்லன் முகம்தான் நினைவுக்கு வரும். கல்கி 1944 முதல் 1946 வரை தொடராக எழுதிய 'சிவகாமியின் சபதம்' அதற்கு முக்கியக் காரணம். அது நாவல், சிவகாமியும் நாகநந்தியும் கற்பனைப் பாத்திரங்கள். ஆனால் கல்கியும் முழுக்க ஒரு கட்சியாக எழுதிவிடவில்லை. வாதாபி பற்றி எரியும்போது அங்கிருந்த மக்கள் படும் பாட்டையும், ஜெயித்த தளபதி பரஞ்சோதி மனம் மாறுவதையும் சேர்த்தே சொல்கிறார். கர்நாடகத்திலோ கதை தலைகீழ்! அங்கே புலிகேசிதான் கதாநாயகன். 1967இல் ராஜ்குமார் நடித்து 'இம்மடி புலிகேசி' என்று கன்னடப் படமே வந்தது. பெங்களூரில் புலிகேசி நகர் என்று ஒரு பகுதியும் இருக்கிறது. பாதாமியில் படிக்கும் ஒரு பையனும் மாமல்லபுரத்தில் படிக்கும் ஒரு பெண்ணும் சந்தித்தால், யார் கதை உண்மை என்று ஒரு பெரிய வாக்குவாதமே நடக்கும்!

எதிரியின் எழுத்து

சண்டை அதோடு முடியவில்லை. கிட்டத்தட்ட நூறு ஆண்டுகள் கழித்து இரண்டாம் விக்கிரமாதித்தன் என்ற சாளுக்கிய அரசன் படையோடு வந்து காஞ்சியைப் பிடித்துவிட்டான். வாதாபிக்குப் பழிவாங்க நல்ல சந்தர்ப்பம். ஆனால் அவன் கைலாசநாதர் கோயிலுக்குப் போனான். அங்கிருந்த செல்வத்தைப் பார்த்தான். அதைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டான். இந்தச் செய்தியை அந்தக் கோயில் மண்டபத் தூண் ஒன்றில் கன்னடத்தில் வெட்டியும் வைத்தான். இதிலும் கொஞ்சம் தற்பெருமை உண்டுதான். "நான் காஞ்சியைப் பிடித்தேன்" என்று பல்லவன் கோயிலிலேயே எழுதுவது என்றால் சும்மாவா?

அவனுடைய ராணி லோகமகாதேவி, அந்த வெற்றியின் நினைவாகப் பட்டடக்கல்லில் ஒரு பெரிய கோயில் கட்டினாள். அது நம் கைலாசநாதர் கோயிலைப் போலவே இருக்கிறது என்பார்கள். தோற்றவர்களின் கோயில் அவர்களுக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று!

பிறகு பல்லவர்கள் மீண்டும் காஞ்சியை ஆண்டார்கள். தங்கள் தோல்வியைச் சொல்லும் அந்தத் தூண் அவர்கள் கண்ணெதிரே நின்றது. ஓர் உளியும் ஒரு நாள் வேலையும் போதும், எழுத்தே இல்லாமல் செய்திருக்கலாம். செய்யவில்லை. அந்தக் கன்னட எழுத்து இன்றும் காஞ்சியில் இருக்கிறது.