பால் தேறியது, பிள்ளைக்கு ஒத்துக்கலை
(‘உடம்புக்கு ஒத்துக்கலை’ – தொடர் 9)

பொள்ளாச்சிப் பக்கமிருந்து பாலக்காட்டு மீனாட்சிபுரத்துக்குள் நுழையும் டேங்கர் பாலை, கேரள பால்வளத் துறையின் செக்போஸ்ட் லேபில் சோதிப்பார்கள். ஓணம் நெருங்கினால் இடுக்கியின் குமுளியிலும் சோதனை நடக்கும். யூரியா உண்டா, ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டா என்று தேடுவார்கள்.

இந்த வாரம் நாம் பேசுவது, அத்தனை சோதனையிலும் தேறிய பாலைப் பற்றி. ஒரு சங்கு குடித்ததும் பிள்ளைக்கு உதடு வீங்குகிறது, மேலெல்லாம் தடிப்பு. கலப்படம் எதுவும் இல்லை. கேசீன், பீட்டா லேக்டோகுளோபுலின் என்று பாலிலேயே இருக்கும் புரதங்கள்தான் காரணம்.

“மாட்டை மாத்திப் பாரேன்” என்பார் பாட்டி. 1963-ல் சுவிட்சர்லாந்துடன் போட்ட ஒப்பந்தத்தின் வழியே, இடுக்கி மாட்டுப்பட்டியில் சுவிஸ் காளையை நாட்டுப் பசுவோடு சேர்த்து உருவாக்கியது சுனந்தினி இனம். கறவை கூடியது. ஒவ்வாமைக்காரப் பிள்ளைக்கு அதுவும் பால்தான். ஏ2 பால் விற்பவர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி, அதற்கும் இதே பதில்தான். அட்டப்பாடிக் கருப்பு ஆட்டுக்குத் தாவினாலும் தப்ப முடியாது: பசும்பால் ஒவ்வாமை உள்ள பிள்ளைகளில் பத்துக்கு ஒன்பது பேருக்கு ஆட்டுப்பாலும் சேராது.

சரி, ஒவ்வாமைக்கான ரத்தச் சோதனைக்கு வருவோம். அமெரிக்காவின் டென்வரில் இஷிசாகா தம்பதியும், சுவீடனின் உப்சாலாவில் ஜோஹான்சன், பென்னிக் இருவரும் 1960-களில் தனித்தனியே கண்டுபிடித்தது ஐஜிஇ (IgE) என்ற, ஒவ்வாமையோடு தொடர்புள்ள எதிர்ப்பொருள். லேபில் பால் புரதத்தை ஒரு பரப்பில் ஒட்டிவைத்து, அதன்மேல் பிள்ளையின் சீரத்தை விடுவார்கள். அந்தப் புரதத்துக்கான ஐஜிஇ இருந்தால் போய்ப் பற்றிக்கொள்ளும். மிச்சத்தைக் கழுவிவிட்டு, பற்றியது எவ்வளவு என்று அளப்பார்கள். வழக்கமாக 0.35 kUA/L-ஐத் தாண்டினால் ‘பாசிட்டிவ்’.

அந்தச் சொல்லைப் பார்த்ததும் வீட்டில் பால், தயிர், நெய் எல்லாம் நின்றுவிடும். அவசரம்! ஐஜிஇ இருக்கிறது என்பதைத்தான் ரிப்போர்ட் சொல்கிறது. பால் குடித்தால் ஏதாவது வருமா என்பதை அது மட்டுமே முடிவு செய்யாது. பெங்களூரு, மைசூரு பகுதிப் பெரியவர்களிடம் நடத்தி 2016-ல் வெளியான ஆய்வில், ஏதோ ஓர் உணவுக்கு ஐஜிஇ இருந்தவர்கள் 26.5 சதவீதம். உணவு ஒவ்வாமை இருக்கக்கூடும் என்று தேறியவர்களோ 1.2 சதவீதம்தான். ‘மொத்த ஐஜிஇ’ எண்ணை நம்பவே வேண்டாம், வயிற்றில் பூச்சி இருந்தாலும் அது ஏறும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. சில கைக்குழந்தைகளுக்குப் பாலால் மலத்தில் ரத்தம் வரும், ஐஜிஇ மட்டும் நெகட்டிவாகவே இருக்கும். பால் குடித்தால் வயிறு உப்பிப் பேதியாவது லேக்டோஸ் சங்கதி, அதற்கும் இந்தச் சோதனை உதவாது. நூறு உணவுக்கு ‘ஐஜிஜி’ (IgG) என்ற வேறொரு எதிர்ப்பொருளைப் பார்த்துத் தருகிறோம் என்ற விளம்பரமோ, காசுக்குப் பிடித்த கேடு.

ஊசி குத்துமுன் ஒரு நோட்டில் எழுதுங்கள்: எவ்வளவு குடித்தது, எத்தனை நிமிடத்தில் என்ன வந்தது. டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான். பிள்ளைக்கு மூச்சு இரைத்தால் நோட்டைத் தேடாதீர்கள். குமுளி போன்ற மலையூர்களில் இருந்து இறங்க நேரமாகும், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.