துருவுக்கு மேல் சாயம் பூசினால் துரு போய்விடுமா?

வீட்டு வாசலில் நிற்கும் கப்சாயைச் சற்றுக் குனிந்து பாருங்கள். முன் கூடையின் கம்பிகள், பக்க ஸ்டாண்ட், பின்பக்கக் கேரியர் ஆகியவற்றில் செம்பழுப்புத் திட்டுகள் தெரிகின்றனவா? பலர் செய்வது இதுதான்: கடையில் ஒரு ஸ்பிரே சாய டின்னை வாங்கி வந்து, அந்தத் திட்டுகளின் மேலேயே கறுப்பாக அடித்துவிடுவார்கள். வண்டி புதிதுபோல் பளபளக்கும். ஆனால் சில மாதங்களில் அதே இடத்தில் சாயம் கொப்புளமாக எழும்பும். நகத்தால் சுரண்டினால் சாயத்தோடு துருத்தூளும் உதிரும். சாயம் மட்டமானதா? பெரும்பாலும் இல்லை. கோளாறு சாயத்துக்கு அடியில் இருக்கிறது.

துரு உண்டாகும் விதம்

தொடக்கப்பள்ளியில் இரும்பு ஆணிகளைச் சோதனைக் குழாய்களில் போட்டுப் பார்த்தது நினைவிருக்கும். நீர், உயிர்வளி இரண்டும் கிடைத்த ஆணி மட்டுமே துருப்பிடித்தது. ஏன் அப்படி?

இரும்பின் மேல் மெல்லிய நீர்ப்படலம் படிந்ததும் அங்கே ஒரு சிறிய மின்கலம் உருவாகிறது. ஓரிடத்தில் இரும்பு அணுக்கள் எலெக்ட்ரான்களை இழந்து நீரில் கரைகின்றன. அந்த எலெக்ட்ரான்கள் உலோகத்தின் வழியே வேறோர் இடத்துக்குச் சென்று, அங்குள்ள உயிர்வளியுடனும் நீருடனும் வினைபுரிகின்றன. இதன் முடிவில் உண்டாகும் நீர் சேர்ந்த இரும்பு ஆக்சைடுதான் துரு. உப்பு நீர் மின்சாரத்தை எளிதில் கடத்தும். ஆகவே கடற்கரையோரம் வசிப்பவர்களின் வண்டி விரைவில் துருப்பிடிக்கிறது.

காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 60 விழுக்காட்டைத் தாண்டினாலே இரும்பின் அரிமானம் வேகம் பிடிக்கும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அது சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. மழையில் நனையாத வண்டியும் இங்கே துருப்பிடிப்பதற்கு இதுவே காரணம்.

சாயம் ஏன் தோற்கிறது?

அலுமினியத்தின் மேல் உருவாகும் ஆக்சைடு இறுக்கமாக ஒட்டிக்கொண்டு, உள்ளே இருக்கும் உலோகத்தைக் காக்கும். துரு அப்படிப்பட்டதல்ல. அது உருவாகப் பயன்பட்ட இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமான இடத்தை அடைக்கும், பொரிந்து உதிரும், நுண்துளைகளில் ஈரத்தையும் உப்பையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அதன் மேல் பூசிய சாயம் துருவைத்தான் பிடித்திருக்கிறது, இரும்பை அல்ல. எந்தச் சாயப் படலமும் ஈரத்தை முற்றாகத் தடுப்பதில்லை. ஆகவே அடியில் வினை தொடர்கிறது, துரு பெருக்கிறது, சாயம் மேலே தள்ளப்படுகிறது.

சரியான முறை

முதலில் பாகத்தைக் கழற்றி, சவர்க்காரத்தால் நன்றாகக் கழுவுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும்போது தேய்த்தால் அது இன்னும் பரவும்.

உலர்ந்த பிறகு, கம்பித் தூரிகையால் பொரிந்த துருவை நீக்குங்கள். அடுத்து 80 எண் மணல்தாளால் தொடங்கி, 240, 400 என்று படிப்படியாக மென்மையான தாளுக்கு மாறுங்கள். பழைய சாயத்தின் விளிம்பு படிக்கட்டுபோல் நிற்காமல் சரிவாக ஆகும்வரை தேய்க்க வேண்டும். குழிகளில் தங்கிய துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு மாற்றி கடைகளில் கிடைக்கிறது. அது துருவை இரும்புப் பாஸ்பேட்டாக மாற்றும். டின்னில் உள்ள குறிப்பைப் படித்து, கையுறையும் கண்ணாடியும் அணிந்து, பெரியவர் ஒருவர் உடனிருக்கப் பயன்படுத்துங்கள்.

சுத்தமான இரும்பை வெறுங்கையால் தொடாதீர்கள்; வியர்வையிலும் உப்பு இருக்கிறது. மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்றும் விடாதீர்கள். நம் காற்றில் சில மணி நேரத்திலேயே புதிய துரு படியத் தொடங்கலாம். தின்னரில் நனைத்த துணியால் துடைத்து, உலர்ந்ததும் அடிப்பூச்சு அடித்துவிடுங்கள்.

துத்தநாகம் மிகுந்த அடிப்பூச்சு நல்லது. துத்தநாகம் இரும்பைவிட எளிதாக எலெக்ட்ரான்களை இழக்கும். மேலே ஒரு கீறல் விழுந்தாலும் அது முதலில் தன்னைக் கரைத்துக்கொண்டு இரும்பைக் காப்பாற்றும்.

பிறகு நிறச் சாயம். ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் தள்ளி நின்று, மெல்லிய பூச்சாக மூன்று முறை அடியுங்கள். தடிப்பாக அடித்தால் சாயம் வழியும். மேற்பகுதி காய்ந்து, உள்ளே கரைப்பான் சிக்கிக்கொள்ளும். மழை வரும் மாலையைவிட, வெயில் ஏறிய காலை வேளையே ஏற்றது. கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் நீர் அங்கே படிந்து, சாயம் பால் நிறத்தில் மங்கிவிடும்.

இவற்றில் கை வைக்காதீர்கள்

பிரேக் தட்டில் ஒருபோதும் சாயம் பூசக் கூடாது, வண்டி நிற்காது. புகைக்குழாய்க்குச் சாதாரணச் சாயம் தாங்காது. வெப்பம் தாங்கும் தனிச் சாயம் வேண்டும். சட்டகத்தில் துரு ஆழமாக அரித்திருந்தால், சாயம் அந்தப் பலவீனத்தை மறைக்குமே தவிர, வலுவைத் திருப்பித் தராது. அத்தகைய வண்டியைப் பட்டறையில் காட்டுவதுதான் உயிருக்குப் பாதுகாப்பு.

தூசுக் கவசம் துருத்தூளைத் தடுக்கும். சாய ஆவியைத் தடுக்காது. அதற்கு ஆவி வடிகட்டி உள்ள கவசம் வேண்டும். காற்றோட்டமான வெளியிடத்தில் மட்டுமே அடியுங்கள். ஸ்பிரேயின் ஆவி தீப்பற்றக்கூடியது. பக்கத்தில் சாமி விளக்கோ சிகரெட்டோ இருக்கக் கூடாது.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

துருப்பிடித்த மூன்று இரும்புத் தகடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவதில் துருவின் மேலேயே சாயம் அடியுங்கள். இரண்டாவதைத் தேய்த்துச் சுத்தம் செய்து சாயம் அடியுங்கள். மூன்றாவதைத் தேய்த்து, அடிப்பூச்சு கொடுத்துச் சாயம் அடியுங்கள். நன்கு காய்ந்ததும் மூன்றிலும் ஆணியால் ஒரே நீளத்தில் கீறி, நாள்தோறும் உப்பு நீர் தெளித்து வாருங்கள். கீறலிலிருந்து துரு எத்தனை மில்லிமீட்டர் பரவுகிறது என்று வாரம் ஒருமுறை அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கணக்கை அப்பாவிடம் காட்டுங்கள். அடுத்த முறை சாய டின்னோடு மணல்தாளும் வாங்கி வருவார்.